மதகும் வாய்க்காலும்: கிளைகளை இணைக்கும் ஈதர்நெட் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். சென்ற காணொளிக்குப் பின் வந்த கேள்விகளுள் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அவருடைய நிறுவனத்தின் தலைமை அலுவலகம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும், கிடங்கு கடலூர் சிப்காட்டிலும், முந்திரி தரம் பிரிக்கும் கூடம் பண்ருட்டியிலும் இருக்கின்றன. "புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒன்று, பண்ருட்டிக்கு ஒன்று என இரண்டு லீஸ்டு லைன்களுக்கு (எங்களுக்கென்றே ஒதுக்கிய வாடகை இணைப்புகள்) பணம் கட்டி வருகிறோம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் மூன்று நாட்களில் வேகம் போதவில்லை. மற்ற நாட்களில் பாதி வேகம் சும்மா கிடக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு ஒரே ஃபைபரைக் கொண்டுவந்து எல்லாக் கிளைகளையும் அதிலேயே இணைத்து, வேகத்தை வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடிகிற நெகிழ்வான ஈதர்நெட் இணைப்பு இருப்பதாக விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா, விளம்பரமா?" என்று கேட்கிறார்.

உண்மைதான். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை; பாதியைச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை நான் சொல்லப் போகிறேன் என்றதும், தொடர்ந்து பார்த்து வருபவர்கள் "மறுபடியும் பாகூர் ஏரியா?" என்று சிரிப்பீர்கள். ஆம், மறுபடியும் புதுச்சேரியின் பாகூர் ஏரிதான். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு நீர் வருகிறது; ஏரியின் மதகுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்குப் போகின்றன. மதகின் பலகையை ஒரு சாண் உயர்த்தச் சில நிமிடங்கள் போதும். புதிதாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டுமென்றால், எத்தனை பேருடைய நிலத்தைக் கடக்க வேண்டும், யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்குள் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறையையே ஊர்களுக்கிடையே நீட்டும் இந்த இணைப்பில் வேகம் என்பது மதகு. ஃபைபர் என்பது வாய்க்கால். நெகிழ்வு முழுவதும் மதகில்தான் இருக்கிறது.

பழைய லீஸ்டு லைன்களில் மதகே கிடையாது. இ1 என்று நாங்கள் சொன்ன இணைப்பு 2.048 மெகாபிட் வேகம் கொண்டது. 64 கிலோபிட் அளவுள்ள 32 கால இடங்களாக அது பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டு மெகாபிட் போதவில்லையென்றால் இன்னோர் இ1, அதற்கு இன்னொரு கார்டு, இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு என்று போகும். ஈதர்நெட் அப்படியல்ல. உங்கள் கட்டடத்தில் ஒரு ஜிகாபிட் போர்ட் (கேபிள் செருகும் வாய்) ஒன்றை நிறுவிவிட்டு, அதில் 20 மெகாபிட் மட்டும் விடுவதா, 200 மெகாபிட் விடுவதா என்பதைச் சேவை தருபவர் தம்முடைய கருவியில் ஓர் எண்ணை மாற்றித் தீர்மானிக்கிறார். போர்ட்டின் எல்லைக்குள் இருக்கும்வரை யாரும் உங்கள் வாசலுக்கு வரவேண்டிய தேவை இல்லை. சிலர் இதற்கு இணையப் பக்கம் ஒன்றையே கொடுத்து, நீங்களே மாற்றிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஃபைபரில் பல கிளைகள் வருவதும் இதே தன்மையால்தான். 1998இல் வெளிவந்த 802.1க்யூ என்னும் தரம், ஈதர்நெட் சட்டகம் (தரவைச் சுமக்கும் பொதி) ஒவ்வொன்றிலும் நான்கு பைட் அளவுள்ள ஒரு சீட்டை ஒட்ட வழி செய்தது. அதற்குள் 12 பிட் கொண்ட வி.லேன் எண், அதாவது எது யாருக்கான தரவு என்று பிரித்துக் காட்டும் எண், இருக்கிறது. பயன்படுத்தத்தக்க எண்கள் 4094. தலைமை அலுவலகத்தின் போர்ட்டில் 10 என்ற சீட்டோடு போவது கடலூருக்கு, 20 என்ற சீட்டோடு போவது பண்ருட்டிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாளைக்குச் சென்னையில் ஒரு தரவு மையம் சேர்ந்தால் அதற்கு 30. அந்த மையத்தில் சேவை தருபவரின் ஃபைபர் ஏற்கெனவே இருந்தால், புதுச்சேரியில் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் இணைப்பு வந்துவிடும். கடலூர் இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பண்ருட்டிக்குக் கூட்டுவதும் இப்படித்தான்.

இந்தச் சேவைகளுக்குப் பெயர் சூட்டி வரையறுத்தது, 2001இல் தொடங்கிய எம்.இ.எஃப். என்னும் அமைப்பு. இரண்டு இடங்களை மட்டும் இணைப்பது இ-லைன்; எல்லா இடங்களும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருப்பதுபோல் ஒன்றோடொன்று பேசுவது இ-லேன்; தலைமையகம் எல்லாரோடும் பேசலாம், கிளைகள் தங்களுக்குள் பேச முடியாது என்பது இ-ட்ரீ. அன்பருக்கு விற்பனையாளர் இ-லேனைப் பரிந்துரைத்திருக்கிறாராம். மூன்றே இடங்கள் இருக்கும்போது இரண்டு இ-லைன்களே போதும் என்பது என் கருத்து. இ-லேனில், ஒரு கிளையில் நடக்கும் தவறு எல்லாக் கிளைகளுக்கும் பரவக்கூடும். நான் பொறுப்பேற்றிருந்த ஓரிடத்தில், துப்புரவு செய்தவர் தரையில் கிடந்த கேபிளின் இரு முனைகளையும் நல்லெண்ணத்தோடு ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார். அந்தச் சுழலில் சிக்கிய சட்டகங்கள் பெருகிப் பெருகி, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிளையிலும் ரசீது அடிக்க முடியாமல் போயிற்று. எந்த வகையை எடுத்தாலும் ஒவ்வோரிடத்திலும், ஓரிடத்தின் குழப்பத்தை அடுத்த இடத்துக்கு விடாத ஒரு ரூட்டரை வைத்து, அதன் வழியாகவே இணைப்பைக் கொண்டுபோங்கள். ஸ்விட்சை நேரடியாகச் செருகாதீர்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஃப்ளெக்ஸிபிள் ஈதர்நெட், சுருக்கமாக ஃப்ளெக்ஸ்-ஈ, என்று ஒன்று இருக்கிறது; 100 ஜிகாபிட் இணைப்பை ஐந்து ஐந்து ஜிகாபிட்டாக இருபது இடங்களாகப் பிரிக்கும் முறை அது; 2016இல் ஓ.ஐ.எஃப். என்னும் தொழில்துறை அமைப்பு வெளியிட்டது. பெரும் நிறுவனங்களின் ரூட்டர்களுக்கு இடையே பயன்படுவது. உங்கள் முந்திரிக் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மாதக் கடைசி மூன்று நாட்களுக்கு வருகிறேன். விலைப்பட்டியலில் வேகம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ஒன்று, உறுதியளிக்கப்பட்ட வேகம், சி.ஐ.ஆர். என்று குறிப்பிடுவார்கள். மற்றொன்று, வழியில் இடம் இருந்தால் கிடைக்கும் கூடுதல் வேகம், அது இ.ஐ.ஆர். நெரிசல் வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கூடுதல்தான். உங்களுக்கு மாதக் கடைசி என்றால் ஊருக்கே மாதக் கடைசி, ஆகையால் இ.ஐ.ஆரை நம்பிக் கணக்கு முடிக்க உட்காராதீர்கள். மூன்று நாட்களுக்குச் சி.ஐ.ஆரையே உயர்த்தித் தருவார்களா, அதற்கு நாள் கணக்கில் கட்டணமா, ஒரு முறை உயர்த்தினால் முழு மாதத்துக்கும் கட்டணமா என்று எழுத்தில் கேளுங்கள். நெகிழ்வு கருவியில் இருந்து, ரசீதில் இல்லாமல் போன கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேகத்தை உயர்த்திய பிறகும் "ஐம்பது மெகாபிட் வாங்கினேன், இருபதுதான் வருகிறது" என்ற குறை வரும். மறுபடியும் மதகைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் சர்வர் ஒரு ஜிகாபிட் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஐம்பது மெகாபிட் ஒப்பந்தம் தெரியாது. பத்து மில்லி விநாடியில் அது 12.5 லட்சம் பைட்டைக் கொட்டிவிடும். அதே நேரத்தில் ஐம்பது மெகாபிட் இணைப்பு ஏற்பது 62,500 பைட். சிறிதளவு மிகுதியை ஒப்பந்தம் தாங்கும். அதற்கு மேல் வந்ததைச் சேவை தருபவரின் கருவி தேக்கி வைக்காமல் தூக்கி எறிந்துவிடும். எறியப்பட்டதைக் கண்டு, தரவை அனுப்பும் விதிமுறையான டி.சி.பி. பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் ரூட்டரிலேயே, ஒப்பந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே, நீரைத் தேக்கி அளந்து விடும்படி அமைக்க வேண்டும். இதைத்தான் ஷேப்பிங் என்கிறோம். ஒப்பந்த வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரூட்டரில் உள்ள இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

இன்னொன்று என் சொந்தத் தோல்வி. வெகு நாட்களுக்கு முன் ஓர் இணைப்பை முடித்துக் கொடுத்து, பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) அடித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மறுநாள் காலை, மின்னஞ்சல் போகிறது, பெரிய கோப்பு போகவில்லை என்றார்கள். சாதாரண ஈதர்நெட் சட்டகத்தின் மேல் எல்லை 1518 பைட், வி.லேன் சீட்டு ஒட்டினால் 1522. வழியில் இருந்த ஒரு பழைய கருவி 1518க்கு மேல் வந்ததையெல்லாம் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டது. சிறிய பிங் போய் வந்தது என்னை ஏமாற்றிவிட்டது. இப்போதெல்லாம் முழு அளவுச் சட்டகங்களோடு ஒய்.1564 முறையில் சோதித்த அறிக்கையைக் கையில் வாங்காமல் நான் எந்த இணைப்பையும் ஏற்பதில்லை. வேகம், தாமதம், இழப்பு மூன்றும் அதில் இருக்கும்.

இவ்வளவும் மதகைப் பற்றியது. அன்பர் வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பதால், கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சாலையில் போனால் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை ஆகியவற்றைக் கடக்க வேண்டும்; ஊருக்குள் நுழைந்த பின் சிப்காட்டுக்குப் போகக் கெடிலத்தையும் கடக்க வேண்டும். சாலையோரமாக வரும் ஃபைபர் ஆற்றைக் கடக்கப் பாலத்தைத்தான் தேடும். எனக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்று, ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு வெவ்வேறு சேவை நிறுவனங்களிடம் இரண்டு இணைப்புகளை வாங்கியிருந்தது. ஒரு நாள் பாலத்தருகே ஜே.சி.பி. ஒரு முறை தோண்டியது. இரண்டும் ஒரே நொடியில் போயின. இரண்டாமவர் முதலாமவரிடமிருந்தே அந்தத் துண்டு ஃபைபரை வாடகைக்கு எடுத்திருந்தார். ரசீது இரண்டு, வாய்க்கால் ஒன்று.

ஜே.சி.பி. ஒரு நாளில் சரியாகிவிடும். வெள்ளம் அப்படியல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு தென்பெண்ணை பெருகி வந்தபோது கரையோர ஊர்கள் என்ன ஆயின என்பதை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே கடலூருக்கு மாற்றாக வேறொரு நிறுவனத்திடம் எடுக்கும் இரண்டாவது இணைப்பு விழுப்புரம், பண்ருட்டி வழியாக உள்ளே சுற்றி வரட்டும். அதுவும் தென்பெண்ணையைக் கடக்கத்தான் வேண்டும். ஆனால் கடலோரப் பாலத்தை விட்டு வெகு தூரம் மேற்கே, வேறொரு பாலத்தில் கடக்கும். உங்களுக்குப் பண்ருட்டியிலேயே ஒரு கூடம் இருப்பது, இந்த வகையில் நீங்கள் கணக்கில் எடுக்காத சொத்து.

இதைவிட மறைவான ஒன்று உண்டு. சில சேவைகளில், புதுச்சேரி போர்ட்டையும் கடலூர் போர்ட்டையும் இணைக்கும் கருவி சென்னையில் இருக்கும். சில பத்து கிலோமீட்டருக்குள் முடிய வேண்டிய பயணம் சென்னைக்குப் போய்த் திரும்பி, ஏறத்தாழ 340 கிலோமீட்டராகும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து மைக்ரோ விநாடி எடுப்பதால், ஒரு வழிக்கு 1.7 மில்லி விநாடி; உங்கள் கணக்கு மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. தாமதம் எனக்குக் கவலை இல்லை. திண்டிவனத்தில் சாலை அகலப்படுத்தும்போது கேபிள் அறுந்தால், புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் உங்கள் இரண்டு இடங்கள் பேசிக்கொள்ள முடியாமல் போகும் என்பதுதான் கவலை. வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு விலைப்புள்ளி கொடுப்பார்கள். அந்தக் கோட்டை நம்பாதீர்கள்.

ஆகவே அன்பரே, இரண்டு இ-லைன்களை எடுங்கள். தலைமை அலுவலகத்தில் ஒரு ஜிகாபிட் போர்ட்டைக் கேளுங்கள், சி.ஐ.ஆரைச் சிறிதாகவே தொடங்குங்கள். இணைப்பு தனி என்பதால் ரகசியம் என்று எண்ண வேண்டாம், அதில் தானாக மறையாக்கம் எதுவும் இல்லை. ரூட்டர்களுக்கு இடையே ஐ.பி.செக் என்னும் மறையாக்க முறையைப் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் முன், ஃபைபர் போகும் பாதையை வரைபடத்தில் காட்டும் கே.எம்.எல். கோப்பை இரண்டு சேவை நிறுவனங்களிடமும் கேட்டு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் திறந்து பாருங்கள். தென்பெண்ணையை அவை ஒரே இடத்தில் கடக்கின்றனவா, இரண்டு இடங்களிலா என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு மூன்றாவது இ-லைன் போடலாமா என்பதை அதைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.