சொதப்பினாலும் முடித்தவனே மேல்

நடுவர் அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவர் அண்ணனுக்கும், அரை மணி நேரமாக நம்மையெல்லாம் அந்தரத்தில் தொங்கவிட்டுப் போன எதிரணியினருக்கும், இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, பழைய அறிவியல் புனைவு டிவி தொடர்களில் ரசிகர் மனதில் நிற்பவை முடித்து வைத்தவையா, பாதியில் விட்டவையா என்பது. எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? முடிவு என்று வந்தாலே சொதப்பிவிடுகிறார்கள், பாதியில் நின்ற தொடர்தான் நம் கற்பனையில் தொடர்ந்து ஓடுகிறது என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், ஆள் நன்றாகப் பேசுகிறார். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தால் கை தட்டியதற்கு வருத்தப்படுவீர்கள் என்பதால் இங்கேயே யோசித்துவிடலாம்.

அவர் எடுத்த பெரிய ஆயுதம் ஸ்டார் டிரெக். நம் ஊர் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடியதே, அதே தொடர்தான். அமெரிக்காவில் என்பிசி சேனலில் 1966 செப்டம்பரில் ஆரம்பித்து 1969 ஜூனில் 79 எபிசோடோடு கடையை மூடினார்கள். கடைசி எபிசோடில் கேப்டன் கிர்க்கின் உடம்புக்குள் ஒரு பெண் விஞ்ஞானி புகுந்துகொள்கிறாள், கப்பலில் ஆர்ப்பாட்டம் செய்கிறாள், அப்புறம் இருவரும் பழையபடி மாறிவிடுகிறார்கள், அவ்வளவுதான். போய் வருகிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து வருடப் பயணம் என்று வாராவாரம் ஆரம்பத்தில் முழங்கிவிட்டு மூன்று வருடத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள், அப்படியும் அது மனதில் நிற்கவில்லையா என்று அண்ணன் கேட்கிறார்.

நிற்கிறது. ஏன் நிற்கிறது என்றால் அது வாரம் ஒரு கதை. இந்த வாரம் ஒரு கிரகம், அடுத்த வாரம் இன்னொன்று. கப்பல் எங்கே போய்ச் சேரும் என்று அந்தத் தொடர் நம்மைக் கவலைப்பட வைக்கவே இல்லை, அதனால் சேராமல் போனதும் யாருக்கும் உறைக்கவில்லை. அதிலும் ஒன்று பாருங்கள், 1991-ல் அந்தப் பழைய குழு சேர்ந்து நடித்த ஆறாவது படத்தின் கடைசியில் நடிகர்களின் கையெழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வரும். கிர்க், ஸ்பாக், மெக்காய் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 22 வருடம் கழித்தாவது ஒழுங்காக விடைபெற வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது! அண்ணன் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, அடுத்து வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் எப்படி முடிந்தது? கப்பலின் அதிகாரிகள் ராத்திரியில் சீட்டாடுவார்கள், போக்கர். இரண்டாவது சீசனிலிருந்து ஏழாவது வரை ஆடினார்கள், கேப்டன் பிகார்ட் மட்டும் அந்த மேஜையில் உட்கார்ந்ததே இல்லை, தலைவன் என்றால் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று நினைப்பவர். 1994 மே மாதம் வந்த கடைசி எபிசோடின் கடைசிக் காட்சியில் அவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார், ஒரு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள், எப்போதோ செய்திருக்க வேண்டியது இது என்கிறார், சீட்டைக் கலைத்துப் போடுகிறார். முடிந்தது. சண்டை இல்லை, வெடி இல்லை. அதைப் பார்த்த பிறகு முதல் சீசனை மறுபடி எடுத்துப் போட்டால், அந்த மனிதர் தனியாக நிற்கும் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி தெரிகிறது. நல்ல முடிவு பின்னோக்கிப் போய் முழுத் தொடரையும் திருத்தி எழுதும் நடுவர் அவர்களே, பாதியில் நின்ற எந்தத் தொடருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

"அது நல்ல முடிவு தம்பி, சொதப்பின முடிவுக்கு என்ன சொல்வாய்?" என்று எதிரணி அக்கா முணுமுணுப்பது காதில் விழுகிறது. வருகிறேன் அக்கா, அதற்குத்தானே வந்தேன்.

குவாண்டம் லீப். 1989 முதல் 1993 வரை ஓடியது. சாம் பெக்கெட் என்று ஒரு விஞ்ஞானி, காலத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருடைய வாழ்க்கைக்குள் போய் விழுகிறார், அங்கே நடந்த ஒரு தவறைச் சரி செய்கிறார், உடனே அடுத்த ஆளுக்குள் தாவிவிடுகிறார். அடுத்த தாவலாவது வீட்டுக்குப் போகிற தாவலாக இருக்காதா என்பதுதான் அவருடைய ஒரே ஏக்கம், நம்முடைய ஏக்கமும் அதுதான். கடைசி எபிசோடின் முடிவில் கறுப்புத் திரையில் கடைசியாக ஒரு வரி: டாக்டர் சாம் பெக்கெட் கடைசி வரை வீடு திரும்பவில்லை. அடப்பாவிகளா! அதிலும் பெக்கெட் என்ற பெயரின் கடைசியில் இரண்டு டி வரவேண்டும், ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள். நாயகனின் பெயரைத் தப்பாக எழுதி அனுப்பி வைத்த தொடர் அது. இதைவிட ஒரு சொதப்பலை எதிரணி காட்ட முடியுமா?

ஆனால் அந்த வரிக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். சாமுக்கு வழிகாட்டும் நண்பர் ஆல், வியட்நாம் போரில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர். கணவன் செத்துவிட்டான் என்று நினைத்து அவருடைய முதல் மனைவி பெத் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டாவது சீசனிலேயே ஆல் கெஞ்சுவார், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்பார். அது நம் வேலை இல்லை என்று சாம் சொல்லிவிடுவார், ஆல் உடைந்து போவார். கடைசி எபிசோடில் சாமுக்கே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருகிறது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நேராக பெத் வீட்டில் போய் நிற்கிறார், ஆல் உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான் என்று சொல்கிறார். அவள் கண்ணில் நீர் திரளும். அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன வரி வருகிறது. எனக்கு அந்த வரி பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அந்தத் தொடரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் எங்கே போய் நிற்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டு வாசலில்தான்.

சாமாக நடித்த ஸ்காட் பக்குலாவின் ஜாதகம் அப்படி. அப்புறம் ஸ்டார் டிரெக் எண்டர்பிரைஸ் தொடரில் அவர்தான் கேப்டன். 2005-ல் வந்த அதன் கடைசி எபிசோடில் கேப்டனை ஓரமாக நிறுத்திவிட்டு, வேறொரு தொடரின் பாத்திரங்களான ரைக்கரும் ட்ராயும் ஒரு கணினி அறையில் இவர்கள் கதையை ஓட்டிப் பார்ப்பதாக எடுத்தார்கள். சொந்தத் தொடரின் முடிவில் அவரே விருந்தாளி ஆகிவிட்டார். போதாததற்கு எல்லோருக்கும் பிடித்த கப்பல் பொறியாளர் டிரிப்பை அவசர அவசரமாகக் கொன்றார்கள். இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல பேர் அதற்கு முந்தைய எபிசோடையே முடிவாக வைத்துக்கொண்டு, இது நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தள்ளிவைக்கக்கூட ஒரு முடிவு இருந்தால்தானே முடியும்?

இப்போது பிளேக்ஸ் செவன். பிபிசி தொடர், 1978-ல் ஆரம்பம், 52 எபிசோடு. அட்டைப் பெட்டியில் செய்த மாதிரி செட், ஆனால் வசனம் கத்தி. சர்வாதிகார அரசை எதிர்க்கும் பிளேக், அவனோடு வேண்டா வெறுப்பாகச் சேர்ந்த ஏவன். இரண்டு சீசன் முடிந்ததும் பிளேக் காணாமல் போகிறான், மற்றவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஏவன் அவனைக் கண்டுபிடிக்கிறான். பிளேக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கூட வந்தவன் சொல்கிறான். எங்களை ஏமாற்றினாயா, என்னை ஏமாற்றினாயா என்று ஏவன் கேட்கிறான். உனக்காகத்தான் காத்திருந்தேன் என்று பிளேக் கிட்டே வருகிறான். ஏவன் சுட்டுவிடுகிறான். உண்மையில் துரோகமே இல்லை. அடுத்த நிமிடத்தில் அரசுப் படை உள்ளே வந்து மிச்சம் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சாய்க்கிறது. பிளேக் உடம்பின் மேல் கால் அகட்டி நின்றுகொண்டு ஏவன் சுற்றிலும் பார்க்கிறான், துப்பாக்கியைத் தூக்குகிறான், சிரிக்கிறான். பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கும்போது குண்டுச் சத்தம் மட்டும் கேட்கும். இது ஒளிபரப்பானது 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால்!

பிரிட்டிஷ் ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிளேக் உடம்பில் மட்டும்தான் ரத்தம் தெரிந்தது, மற்றவர்கள் வெறும் மயக்கமாக இருக்கலாமே என்று வழக்காடுகிறார்கள். முடிவு வந்துவிட்டால் கற்பனை செத்துவிடும் என்றாரே அண்ணன், இது என்னவாம்? அதே நாட்டில் 1968-ல் முடிந்த பிரிஸனரும் அப்படித்தான். நாயகனை அடைத்து வைத்திருக்கும் ஊரின் தலைவன் நம்பர் ஒன் யார் என்று 17 எபிசோடு காக்க வைத்துவிட்டு, முகமூடியைக் கழற்றினால் குரங்கு முகம், அதையும் கழற்றினால் நாயகனின் சொந்த முகம். ஜனங்கள் கொதித்துப்போனார்கள், கொஞ்ச நாள் தலைமறைவாக இருக்க வேண்டியிருந்தது என்று அதை எழுதி இயக்கி நடித்த பேட்ரிக் மெக்கூஹனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாராவது அந்த முகத்தை விட்டுவிட்டு எழுதுகிறார்களா?

பாதியில் விட்டவை என்ன ஆயின என்பதையும் பார்த்துவிடுவோம், அண்ணன் அதை மட்டும் சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1978-ல் வந்த பழைய கேலக்டிகா ஒரே சீசன். அதன் கடைசி எபிசோடு உண்மையிலேயே அழகு, ஒப்புக்கொள்கிறேன். பூமியைத் தேடி அலைகிறவர்கள் ஒரு பழைய கண்காணிப்புக் கூண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறார்கள், அவர்கள் போன பிறகு அந்த ஆளில்லாத கருவியில் அப்போலோ 11 நிலவில் இறங்கும் காட்சி வருகிறது, பார்க்க ஒருவரும் இல்லை. இந்த இடத்தில் முடிவு என்று எழுதியிருந்தால் நான் இன்று எதிரணியில்கூட உட்கார்ந்திருப்பேன். எழுதவில்லை. கதவு திறந்தே கிடந்தது, சேனல்காரர்கள் உள்ளே புகுந்து கேலக்டிகா 1980 என்று பத்து எபிசோடு எடுத்தார்கள். பார்த்தவர்கள் மறக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். பாதியில் விட்ட கதை ரசிகனுடைய கற்பனைக்குப் போகிறது என்பது நம் ஆசை, அது போவதென்னவோ காசு போட்டவன் கைக்கு.

ஃபார்ஸ்கேப் இன்னும் கொடுமை. நாலு சீசன் இழுத்துப் பிடித்து, 2003-ல் ஒரு படகில் வைத்து நாயகன் கிரைட்டன் காதலி ஏரினிடம் மோதிரத்தை நீட்டிக் கல்யாணத்துக்குக் கேட்கிறான், அவள் சம்மதிக்கிறாள், எங்கிருந்தோ ஒரு விண்கலம் வந்து சுட, இரண்டு பேரும் கற்களாக உதிர்ந்து போகிறார்கள். தொடரும் என்று எழுத்து வருகிறது. தொடரவில்லை, ரத்து செய்துவிட்டார்கள். அப்போது ரசிகர்கள், ஆஹா நம் கற்பனைக்கு எவ்வளவு இடம் என்று மகிழ்ந்தார்களா? கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள், போராட்டமே நடத்தினார்கள். 2004-ல் ஒரு குறுந்தொடர் வந்து அந்தக் கற்களை மறுபடி மனிதர்களாக்கிக் கதையை முடித்து வைத்த பிறகுதான் அடங்கினார்கள்.

எங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. ஸ்டார் டிரெக் வரிசையில் வந்த வாயேஜர் ஏழு சீசன் வீட்டுக்குப் போகும் கதை. 2001-ல் கடைசி எபிசோடில் பூமி கண்ணில் படுகிறது, கப்பல் அதை நோக்கிப் போகிறது, படம் முடிந்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், யாருக்காக யார் காத்திருந்தார்கள், ஒன்றும் தெரியாது. ஏழு வருடம் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, பாயசம் வருகிற நேரத்தில் இலையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆத்திரம் எதனால்? முடித்ததாலா? ஒழுங்காக முடிக்காததால். அதுவும் எங்கள் கணக்கில்தான் வரும்.

கடைசியாக பாபிலோன் ஃபைவ், ஒரு விண்வெளி நிலையத்தின் கதை. அதன் கர்த்தா ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி, ஐந்து வருடக் கதை இது என்று ஆரம்பத்திலேயே சொன்னவர், 110 எபிசோடில் 92-ஐத் தானே எழுதியவர். நாலாவது சீசனில் தொடர் ரத்தாகும் நிலை வந்தது. ஆள் என்ன செய்தார்? கதையை நெருக்கி, கடைசி எபிசோடை அப்போதே படம் பிடித்துவிட்டார். அப்புறம் வேறு சேனல் கைகொடுத்து ஐந்தாவது சீசன் வந்தது, எடுத்த முடிவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்து 1998 நவம்பரில் போட்டார். நாலாவது சீசனோடு விலகிப்போன இவனோவா என்ற அதிகாரி பாத்திரம் அந்தக் கடைசி எபிசோடில் மட்டும் இருப்பது அதனால்தான். கதைப்படி இருபது வருடம் கழித்து, பழைய விண்வெளி நிலையத்தைக் காலி செய்கிறார்கள். ஒரு சாதாரணத் தொழிலாளி கடைசியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிறான். அந்தத் தொழிலாளியாக நடித்தவர் யார் தெரியுமா? ஸ்ட்ரசின்ஸ்கியேதான். தான் கட்டியதைத் தானே அணைத்துவிட்டுப் போகிறார். தொடரே ரத்தாகும் என்ற நிலையில் ஒரு மனிதன் முதலில் காப்பாற்ற நினைத்தது முடிவைத்தான் என்றால், அதன் மதிப்பு என்ன என்று நடுவர் அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

டாக்டர் ஹூ முடியவே இல்லையே என்று எதிரணியில் அடுத்து யாராவது கேட்பார்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அது நாயகன் முகத்தையே மாற்றிக்கொண்டு ஓடும் தொடர், அதன் கணக்கே தனி. இருந்தாலும் 1989-ல் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அவர்களே அவசரமாக நாலு வரி எழுதி, அப்போது டாக்டராக நடித்த சில்வெஸ்டர் மெக்காயைக் கூப்பிட்டுப் பேச வைத்து, கடைசிக் காட்சியின் மேல் ஒட்டினார்கள். எங்கோ அநியாயம் நடக்கிறது, எங்கோ டீ ஆறிக்கொண்டிருக்கிறது, வா, நமக்கு வேலை இருக்கிறது என்று. பதினாறு வருடம் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ரசிகர்கள் இருந்தார்கள், நடுவில் 1996-ல் வந்த ஒரே ஒரு டிவி படத்தைத் தவிர.

நேரமாகிவிட்டது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஆல்ஃப் ஞாபகம் இருக்கிறதா, அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒளிந்து வாழ்ந்து, பூனையைத் தின்னப் பார்க்கும் அந்த வேற்றுகிரக மூக்கன்? 1990 மார்ச்சில், தன்னை அழைத்துப்போக வந்த விண்கலத்துக்காக ராத்திரியில் ஒரு வெட்டவெளியில் காத்திருந்தான். ராணுவ வண்டிகள் சூழ்ந்துகொள்கின்றன, விண்கலம் இறங்காமல் போய்விடுகிறது, அவனை வளர்த்த குடும்பம் பார்த்துக்கொண்டே நிற்கிறது. தொடரும் என்று போட்டார்கள், தொடரவில்லை. 1996-ல் ஒரு டிவி படம் எடுத்தார்கள், அதில் அந்தக் குடும்பமே இல்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர், அந்தக் குடும்பம் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்று முதலில் சொல்லட்டும். கற்பனையில் வளர்கிறது என்றீர்களே, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, வளர்ந்திருக்கும். சொல்லிவிட்டு அப்புறம் வாதத்துக்கு வரட்டும்.

நன்றி, வணக்கம்.