பதின்மூன்று உயிர்களின் கணக்கு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தொலைக்காட்சி நாடகம் பார்க்கிற எல்லாருக்கும் இது தெரிந்த விஷயம். வருடக்கணக்கில் ஓடுகிற தொடரில் ஒரு நாள் மாமியாரின் முகம் மாறியிருக்கும். திரையின் அடியில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி வரும். மருமகள் ஒன்றுமே நடக்காததுபோல் புது முகத்தைப் பார்த்து ‘அத்தை’ என்பாள். இரண்டு நாள் முணுமுணுப்போம், மூன்றாம் நாள் பழகிவிடும். ஆனால் அதே மாமியார், தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று போன வருடம் அழுதுவிட்டு, இந்த வருடம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டால் விடமாட்டோம். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பஸ்ஸிலும் அதுதான் பேச்சு. முகம் மாறினால் பொறுத்துக்கொள்கிற நாம், கதை மாறினால் பொறுப்பதில்லை.

அந்தப் பொறுக்காத குணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டது பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டொக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர். 1963 நவம்பர் 23ஆம் திகதி தொடங்கி, 1989இல் நின்று, 2005இல் திரும்ப வந்த தொடர். பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர், வேற்றுக் கிரகத்தவர், நீல நிறப் பொலிஸ் பெட்டியின் உருவத்தில் இருக்கும் ஒரு வாகனத்தில் காலத்தின் முன்னும் பின்னும் போகிறார். போகிற இடத்தில் அநியாயம் நடந்தால் தட்டிக் கேட்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கண்டியில் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த நாவல் வடிவங்கள் வழியாகத்தான் இந்தத் தொடர் எனக்கு அறிமுகமானது. படங்களைப் பிறகுதான் பார்த்தேன். இப்போது ஹட்டனில் எங்களுக்கு ஒரு சிறு வட்டம் இருக்கிறது. கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார், டிக்கோயாப் பக்கத்திலிருந்து தாதியாக வேலை செய்யும் ஓர் அக்கா வருவார், தோட்ட அலுவலகத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவேடு, எழுதும் தம்பி ஒருவர் வருவார். கூடினால் பேச்சு ஒன்றுதான்: இந்தக் கதையில் எது விதி, அதை யார் மீறினார்கள், மீறியது நியாயமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர் தான் போட்ட விதியை மீறலாம். ஆனால் மீறினால், அதற்குரிய விலையைக் கதைக்குள்ளேயே கொடுக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டொக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். 1966இல் அவருடைய உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. தொடரை நிறுத்தவும் மனமில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாற்றத்தைக் கதைக்குள்ளேயே நடத்தினார்கள். களைத்துப்போன அந்தக் கிழவர் தன் வாகனத்தின் தரையில் விழுகிறார், முகம் வெளிச்சத்தில் கரைகிறது, கரைந்த இடத்தில் பட்ரிக் ட்ரவுட்டனின் முகம். ஆள் அவரேதான், உடம்பும் குணமும் வேறு. 1969இல் அந்த இரண்டாம் டொக்டர், பல காலங்களிலிருந்து கடத்திவரப்பட்டுப் போர்க்களத்தில் மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வீடு சேர்ப்பதற்காகத் தன் சொந்த இனத்தாரையே உதவிக்கு அழைக்கிறார். அழைத்தால் தானும் பிடிபடுவோம் என்று தெரிந்தே அழைக்கிறார். விசாரணை நடக்கிறது. முகத்தை மாற்றி, பூமிக்கு நாடு கடத்திவிடுகிறார்கள். பாருங்கள், முகம் மாறிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று பறிபோகிறது. விலை கொடுத்தார்கள்.

இனி நம்முடைய விதிக்கு வருவோம். 1976ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஒரு கதையில், டொக்டரின் இனத்தவர் பன்னிரண்டு முறைதான் உடல் மாற முடியும் என்று போகிற போக்கில் ஒரு வசனம் வருகிறது. பன்னிரண்டு மாற்றம் என்றால் பதின்மூன்று உயிர். எழுதியவர் ரொபர்ட் ஹோம்ஸ். டொக்டரின் பரம எதிரி தன் கடைசி உடம்பும் அழுகிப்போய், உயிர் பிழைக்க எதையும் செய்யத் துணிந்து நிற்கிறான். அந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும். அதற்காகத்தான் அந்த வசனம். அப்போது டொக்டருக்கு நடந்துகொண்டிருந்தது நாலாவது உயிர்தான். பதின்மூன்று வரைக்கும் தொடர் ஓடும் என்று யார் நினைத்தார்கள்?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே ஹோம்ஸ் கதைப் பொறுப்பாளராக இருந்தபோது வந்த மற்றொரு கதையில், மனத்தோடு மனம் மோதும் ஒரு போட்டி. டொக்டரின் பழைய முகங்கள் திரையில் பின்னோக்கி வருகின்றன. மூன்றாமவர், இரண்டாமவர், முதலாமவர். அத்தோடு நிற்காமல், அதற்குப் பின்னும் யாரும் பார்த்திராத எட்டு முகங்கள்! தயாரிப்பாளர், இயக்குநர்கள், ஹோம்ஸ் என்று தொடரில் வேலை செய்தவர்களே வேடம் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த எட்டும் டொக்டரின் முகங்கள் என்றால் அவருடைய கணக்கே வேறாகிவிடும். ஒரே வருடம், ஒரே மனிதரின் மேற்பார்வை, ஒன்றை ஒன்று மறுக்கும் இரண்டு விதை. ரசிகர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் இதை உழுதார்கள்.

எங்கள் வட்டத்தில் மிகப் பெரிய சண்டை 2008இல் வந்தது. பத்தாம் டொக்டர் சுடப்பட்டு விழுகிறார். உடல் மாறத் தொடங்குகிறது. காயம் ஆறியதும், மீதிச் சக்தியை முன்னொரு கதையில் வெட்டுண்ட தன் கையின் மேல் திருப்பிவிட்டு, அதே முகத்தோடு எழுந்துவிடுகிறார். இது கணக்கில் சேருமா, சேராதா? செக்ரோல் தம்பி ஒற்றைப் பிடியாக நின்றார். “சேர், முகம் மாறினால் ஒன்று, மாறாவிட்டால் இல்லை. மலைக்கு வந்தும் கொழுந்து எடுக்காதவருக்கு நான் எப்படிப் பேர் போடுவது?” என்றார். தாதி அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. “தம்பி, மருந்து ஏற்றினால் ஏற்றியதுதான். நோயாளியின் முகத்தைப் பார்த்தா நான் போத்தலை எண்ணுகிறேன்?” மழைக்காலம், மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு தம்பி தன் கொப்பியின் பின்பக்கத்தில் உயிர்களை வரிசையாக எழுதினார். அந்த வரியில் மட்டும் பேனையை வைத்துக்கொண்டு எழுதாமலே இருந்தார். அக்கா எட்டி அந்தப் பேனையை வாங்கி, தானே ஒரு கோடு போட்டார்.

இந்த மாதிரிச் சண்டை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறதே, அதை நினைத்துப்பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதி புலம்புகிறாள். இரவெல்லாம் தப்பு அதிர்கிறது. அந்தப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வோர் அடியும் மனப்பாடம். பாட்டில் ஓர் அடி முன்பின்னாகப் போனால், ‘முறை தவறுகிறது’ என்று அங்கேயே எழுந்து நிறுத்துவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படிதான் சிவன் காமனைத் திரும்ப எழுப்புகிறார் என்பது கதை. அப்படியானால் எழுந்து வரும் காமனை நாம் எல்லாரும் எப்படிப் பார்க்கிறோம்? பெரியப்பா கோபப்படவில்லை. போடா என்று விரட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இராத்திரி முழுக்க அவளோடு சேர்ந்து அழுதோம் அல்லவா, அதனால் இப்போது அவள் கண்ணால் பார்க்கிறோம்” என்றார்.

நேயர்களே, விலை என்று நான் சொல்வது இதைத்தான். சிவன் போட்ட விதி அப்படியே நிற்கிறது. அதைத் தாண்டிப் பார்க்க நாம் கொடுத்த விலை அந்த இரவின் அழுகை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் லாவணி என்று ஒன்று உண்டு. மன்மதன் உண்மையிலேயே எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். லண்டனில் ஒரு ரசிகர் பதின்மூன்று உயிரை எண்ணுவதும், அங்கே எரியாத கட்சிக்காரர் டேப் என்ற தோல்வாத்தியத்தைத் தட்டிப் பாடுவதும் ஒரே வேலைதான். கதையை உயிருக்குச் சமமாக நினைக்கிறவர்கள் செய்கிற வேலை.

சரி, 2013க்கு வருகிறேன். ஐம்பதாவது ஆண்டு. அதுவரை நாம் அறியாத ஒரு டொக்டர் நடுவில் இருந்தார் என்று ஜோன் ஹர்ட்டைக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 25ஆம் திகதிக் கதையில் அவரையும் எண்ணி, 2008இல் முகம் மாறாமல் நடந்ததையும் எண்ணி, மட் ஸ்மித் நடித்த டொக்டர்தான் பதின்மூன்றாவது, கடைசி உயிர் என்று முடித்தார்கள். தாதி அக்காவின் கட்சி வென்றது. தம்பி அந்தக் கொப்பியைத் தேடி எடுத்து வந்து, அக்கா போட்ட கோட்டின் மேல் தன் கையால் இன்னொரு கோடு போட்டார். பிறகு என்ன நடந்தது? டொக்டர் ஒரு சின்ன ஊரைக் காப்பதற்காகப் பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கி, கிழவராகி, கைத்தடி ஊன்றி நடந்து, சாகத் தயாராகிறார். அதன் பிறகுதான் அவருடைய தோழி மன்றாடி, அவருக்குப் புதிய உயிர்ச் சுற்று கிடைக்கிறது. விதி மீறப்பட்டது, ஆனால் சும்மா மீறப்படவில்லை. ஓர் ஆயுள் முழுவதையும் கொடுத்து மீறினார்கள். இதற்கு வழியும் 1983இலேயே போட்டிருந்தார்கள். அந்தப் பரம எதிரிக்குப் புதிய உயிர்ச் சுற்றைத் தருவதாக அந்த இனத்தாரின் சபை அப்போதே பேரம் பேசியது.

2020இல் வந்தது வேறு. டொக்டருக்கு எல்லையே இல்லை, அந்த இனத்துக்கு உடல் மாறும் சக்தி வந்ததே அவரிடமிருந்துதான், அவருடைய நினைவைத்தான் அழித்துவிட்டார்கள் என்றார்கள். அந்த எட்டு முகங்களையும் எடுத்துக் காட்டினார்கள். கொட்டகலை ஆசிரியர் கைதட்டினார், 1976இன் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு முகத்துக்குக் கணக்கு வந்தது, சரி. ஆனால் 2013இல் அந்தக் கிழவர் கொடுத்த விலை என்னாவது? எல்லையே இல்லாதவருக்குப் புதிய சுற்று எதற்கு? கொடுத்த விலையைத் திருப்பி எடுக்கிற விளக்கம் எனக்கு விளக்கமாகப் படவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது, இது வானொலி என்பதால். 1960களின் நாடாக்களை பி.பி.சி. அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. முதல் டொக்டரின் முகம் மாறும் அந்தக் கடைசிப் பாகமே முழுமையாக இல்லை. அந்த மாற்றக் காட்சி மட்டும் ஒரு துண்டாகப் பிழைத்திருக்கிறது. ஆனால் தொலைந்துபோன பாகங்கள் எல்லாவற்றின் ஒலியும் இன்றும் இருக்கிறது. எப்படி? வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால். நிறுவனம் தூக்கிப்போட்டதைக் கேட்டவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களைப் பார்த்து ‘கதைதானே, விடுங்கள்’ என்று யாராவது சொல்ல முடியுமா? பழைய கதையைக் காப்பாற்றியவருக்குப் புதிய கதையைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பிரிகேடியர் ஒருவரின் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரோடு டொக்டர் சேர்ந்து செய்த சாகசங்கள் நடந்தது 1970களிலா, 80களிலா? 1975இல் வந்த கதையில் டொக்டரின் தோழி தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983இல் வந்த கதையிலோ அந்தப் பிரிகேடியர் 1977இலேயே ஓய்வுபெற்று ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கிறார். 2008இல் டொக்டரே ‘அது எழுபதுகளிலா, எண்பதுகளிலா’ என்று தடுமாறுவதாக ஒரு வசனம் எழுதினார்கள். ரசிகர்களின் வழக்கைக் கதைக்குள்ளேயே ஏற்றுக்கொண்டார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது.

‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். 1960களில் கிளிங்கன் என்ற இனத்தாருக்கு நெற்றி நம்மைப் போல வழவழப்பு. 1979இல் திரைப்படம் வந்தபோது நெற்றியில் எலும்பு மேடு வந்துவிட்டது. ஒப்பனைக்குப் பணம் வந்ததுதான் காரணம், அது எல்லாருக்கும் தெரியும். 1996இல் ஒரு கிளிங்கன், ‘வெளியாரோடு நாங்கள் அதைப் பேசுவதில்லை’ என்று கடந்துவிட்டார். 2005இல் இரண்டு பாகம் ஒதுக்கி, மனித மரபணுவை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி நோயாகப் பரவியதால் அந்த இனத்தில் பலர் நெற்றி மேட்டை இழந்ததாகக் கதை சொன்னார்கள். முதல் பதிலே போதும் என்பது செக்ரோல் தம்பியின் கட்சி. நான் 2005இன் கட்சி, அதில்தான் அந்த மக்கள் பட்ட அவமானம் தெரிகிறது. எங்கள் வட்டத்தில் இந்த வழக்கு இன்னும் நடக்கிறது. நீங்கள் எந்தக் கட்சி என்று நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், எல்லாக் கடிதங்களையும் நாங்கள் படிப்போம். நன்றி, வணக்கம்.