விலை ஏறும் மாதத்தில் யார் தாங்குவது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'குடும்ப நலனுக்கு அரசு தர வேண்டியது பொருளா, ரொக்கமா?' என்பது இன்றைய தலைப்பு. பொருளே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வீசிவிட்டு அமர்ந்திருக்கிறார். குடும்பத்துக்கு எது தேவை என்பது குடும்பத்துக்குத்தான் தெரியும், பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றார். ரேஷன் அரிசி கடத்தப்படுகிறதே என்றார். கென்யாவில் ஏழைகளின் கையில் பணத்தைக் கொடுத்ததும் சுற்று வட்டாரமே செழித்தது என்று ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டினார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால், என் அணிக்குக் கைதட்டல் வாங்கித் தரக்கூடிய ஒரு வாதத்தை நான் பேச மாட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற வாதம் அது. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா இருவரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியிட்ட கட்டுரை, உதவித்தொகை பெற்ற குடும்பங்களில் மதுச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே காட்டியது. ஏழைத் தாய் தகப்பன் மீது பழி போட்டு வரும் வெற்றி என் அணிக்கு வேண்டாம்.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான், நடுவர் அவர்களே. விலை ஏறினால் அந்தச் சுமையை யார் தாங்குவது? அரசு அரிசியாகக் கொடுத்தால், சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும் அது அரசின் தலைவலி. அரசு பணமாகக் கொடுத்தால், ஏறிய விலை முழுவதும் அந்த வீட்டு அம்மாவின் தலைவலி. ஆயிரம் ரூபாய் ஐந்து ஆண்டு கழித்தும் ஆயிரம் ரூபாயாகவே இருக்கும். ஆனால் அதில் வாங்கக்கூடிய அரிசி அதே அளவில் இருக்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. கடல் தாண்டி இலங்கையில் நடந்து முடிந்த கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அங்கே அரிசிப் பங்கீடு தொடங்கியது. மக்கள் அதை எவ்வளவு உயிராக நினைத்தார்கள் என்பதற்கு 1953 சாட்சி. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியது; நமக்குப் பைசா போல அவர்களுக்குச் சதம். ஆகஸ்ட் மாதம் நாடே ஹர்த்தாலில், அதாவது வேலைநிறுத்தத்திலும் கடையடைப்பிலும், இறங்கியது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. ஆனால் எழுபதுகளின் இறுதியில் வந்த மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. முதலில் பங்கீடு ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. பிறகு 1979இல் அரிசியே நிறுத்தப்பட்டு, குறிப்பிட்ட ரூபாய் மதிப்புள்ள உணவு முத்திரைகள், அதாவது கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கும் சீட்டுகள், வழங்கப்பட்டன. எதிரணியின் மொழியில் சொன்னால் நவீனமான, எளிமையான, தேர்வுச் சுதந்திரம் உள்ள ஏற்பாடு.

முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டில் மட்டும் அது சுமார் 26 சதவீதம் ஏறியது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மையான மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நெவில் எதிரிசிங்க என்ற பொருளியலாளர் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து 1987இல் அறிக்கை வெளியிட்டார். மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு மக்கள் உண்ட உணவின் கலோரி அளவு குறைந்துபோனதை அவர் எண்களோடு காட்டினார். அரசுக்குச் செலவு மிச்சமானது உண்மைதான். அந்த மிச்சம் யாருடைய தட்டிலிருந்து வந்தது? அரிசி விலையை 45 சதம் கூட்டியதற்குப் பொங்கி எழுந்த அதே நாட்டில், ரூபாய் மெல்லத் தேய்ந்ததற்கு அப்படி ஒரு ஹர்த்தால் நடக்கவில்லை. பணமாகக் கொடுப்பதில் உள்ள பேராபத்தே இதுதான். யாரும் உத்தரவு போட்டு வெட்ட வேண்டியதில்லை, தொகையை உயர்த்தாமல் இருந்தாலே போதும், வெட்டு தானாக விழும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2007 முதல் தமிழ்நாட்டின் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைக்கின்றன. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2015 அக்டோபரை இங்கிருக்கும் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. சாம்பாரில் பருப்பு இளைத்த மாதங்கள் அவை. அப்போதும் ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்தான். சரக்கு தாமதமாக வந்த மாதங்கள் உண்டு, இரண்டு மூன்று முறை நடக்க வேண்டி வந்ததும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரணியின் யோசனைப்படி, சந்தை விலை 70 ரூபாயாக இருந்த ஒரு நல்ல நாளில், வித்தியாசமான 40 ரூபாயை வங்கியில் போட்டுவிடுகிறோம், இனிப் பருப்பு கிடையாது என்று முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலை 200 ஆன மாதம் அந்தக் குடும்பம் கைக்காசு 160 ரூபாய் போட்டு ஒரு கிலோ பருப்பு வாங்கியிருக்கும். அல்லது வாங்காமலே இருந்திருக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்து ஒப்பேற்றுகிறேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். லூசி கடென், சாம் நோரிஸ், மோனிகா சிங்கால், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய நால்வர் இந்தியப் பொது விநியோகத் திட்டத்தை இந்தக் கண்ணோட்டத்திலேயே ஆராய்ந்து, அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் 2024இல் வெளியிட்டார்கள். ரேஷனின் பலன் எங்கே பெருகியதோ அங்கே மக்கள் உண்ணும் கலோரி கூடியது. அதைவிட முக்கியமாக, சந்தை விலை ஏறி இறங்கும்போது அவர்களின் உணவு முன்னைப்போல ஆடவில்லை. ரேஷன் அரிசி உணவு மட்டுமில்லை, காப்பீடும் கூட என்று அவர்கள் சொல்கிறார்கள். பிரீமியம் கட்ட முடியாத குடும்பத்துக்கு அரசு எடுத்துக் கொடுத்த பாலிசி அது.

மெக்சிகோவில் இன்னும் தெளிவான சோதனை. சில கிராமங்களுக்கு லாரியில் உணவுப் பெட்டி போனது, சிலவற்றுக்கு அதே மதிப்புக்குப் பணம், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஜெசி குன்யா, ஜாக்கமோ டி ஜார்ஜி, சீமா ஜெயச்சந்திரன் மூவரும் அந்த ஊர்க் கடைகளின் விலையை ஒப்பிட்டார்கள். பெட்டி போன ஊர்களில் உணவுப் பொருள் விலை சுமார் 4 சதவீதம் இறங்கியிருந்தது. பணம் போன ஊர்களில் இறங்கவில்லை, மிகச் சிறிதளவு ஏறியிருந்தது. போக்குவரத்து குறைந்த, போட்டிக் கடை இல்லாத பின்தங்கிய ஊர்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. காரணம் எளிது. ஊருக்குள் லாரி நிறையப் பொருள் வந்தால், ஒற்றைக் கடைக்காரர் விலையை ஏற்ற முடியாது. அட்டை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் லாபம் உண்டு. பணம் மட்டும் வந்தால் நிலைமை மாறுகிறது. பிலிப்பைன்ஸில் உதவித்தொகை பெரும்பாலானோருக்குக் கிடைத்த தொலைதூர ஊர்களில் முட்டை போன்ற சத்துணவின் விலை ஏறி, உதவி பெறாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியதை இன்னோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அடுத்த வீட்டுக்குக் கொடுத்த நன்மை இந்த வீட்டுக் குழந்தையின் உயரத்தைக் குறைத்தது என்றால், அந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது?

கடத்தல் பற்றிக் கேட்டார் எதிரணித் தலைவர். ரேஷன் அரிசியைப் பாலிஷ் போட்டு எல்லை தாண்டி விற்கிறார்கள் என்பது பொய்யில்லை. நாட்டின் பல மாநிலங்களில் ஒருகாலத்தில் பாதி தானியம் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. சத்தீஸ்கரும் அப்படித்தான் இருந்தது. 2004-05இல் அங்கே பாதிக்கு மேல் காணாமல் போனது. தனியாரிடமிருந்து கடைகளைப் பிடுங்கிப் பஞ்சாயத்துகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தார்கள். அரிசியைக் கடை வாசல் வரை அரசே கொண்டுவந்து இறக்கியது. ஐந்தே ஆண்டுகளில் கசிவு மொத்த தானியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கசிவை அடைக்க வழி இருக்கிறது. அடைப்பது கடினம் என்பதற்காகக் கொடுப்பதையே நிறுத்துவது வழியாகாது.

பணத்தில் கசிவு இல்லை என்று யார் சொன்னார்கள்? ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகே நக்ரி என்ற வட்டாரம். அங்கே 2017 அக்டோபரில் கிலோ ஒரு ரூபாய் அரிசியை நிறுத்தி, மானியத்தை வங்கியில் போட்டார்கள். மக்கள் அந்தப் பணத்தை எடுத்து வந்து, அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு வாங்க வேண்டும். 35 கிலோ அட்டை என்றால் 1,120 ரூபாய் கையில் இருக்க வேண்டும். நடந்ததைப் பாருங்கள். ஒரு பெண் முதலில் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு சின்னத் தொகையை இங்கே தர முடியாது, சேவை மையத்தில் எடுத்துக்கொள் என்று வங்கியில் அனுப்பிவிடுவார்கள். அங்கே வரிசை, அங்கே கைரேகை. அதன் பிறகுதான் ரேஷன் கடை. இதில் ஒவ்வொரு நடையும் அவள் இழக்கும் கூலி. வரவு வீட்டில் வேறொருவர் கணக்கில் விழுந்திருந்தால் திரும்ப முதலிலிருந்து. பணம் வராத மாதம் அரிசியும் இல்லை. அங்கே நடந்த கள ஆய்வில் 97 சதவீதக் குடும்பங்கள் பழைய முறையே வேண்டும் என்றன. மக்கள் ஊர்வலமாகத் திரண்டார்கள். 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலும் அரிசிக்குப் பதில் பணம் என்று 2015இல் தொடங்கி, அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் பெரிய மோதலாகி, ரேஷன் கடைகள் மூடிக் கிடந்து, 2024இல்தான் மறுபடி திறந்தன. பணத்தின் பாதையில் நடந்து பார்த்த ஊர் அரிசிக்கே திரும்பியது.

தேர்வுச் சுதந்திரம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு எதிரணி மீது மரியாதை உண்டு. அரிசி தேவையில்லாத வீட்டில் அரிசியைத் திணிப்பானேன் என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு குடும்பம் எப்படியும் வாங்கப் போகும் அளவுக்குள் அரிசியைக் கொடுத்தால், அந்தச் செலவு மிச்சமாகி அவர்கள் கையில் வேறு எதற்கும் செலவிடக்கூடிய பணமாக நிற்கும் என்பது பொருளியலின் பாலபாடம். 1999-2000இல் இந்தியக் கிராமக் குடும்பத்தின் செலவில் தானியத்துக்கு மட்டும் 22 சதவீதம் போனது. 2022-23 கணக்கெடுப்பில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. வருமானம் உயர்ந்ததும் இதற்குக் காரணம், ரேஷனும் காரணம். அந்த இடைவெளியில்தான் பாலும் முட்டையும் பழமும் பள்ளிக் கட்டணமும் நுழைந்தன. பொருள் கொடுப்பது தேர்வைப் பறிக்கவில்லை. வயிற்றுக் கவலையை நீக்கி, மற்றதைத் தேர்ந்தெடுக்க விடுகிறது.

பள்ளி மதிய உணவையும் இதே தராசில் வையுங்கள். 1956இல் காமராசர் அரசு தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பின்னால் முட்டை வந்தது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அந்த முட்டைக் காசை மாதா மாதம் பெற்றோர் கணக்கில் போட்டிருந்தால், அது வீட்டுச் செலவில் கரைந்திருக்கும், அதில் தவறும் இல்லை. தட்டில் விழுந்த முட்டையோ அந்தப் பிள்ளைக்கே போனது. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்கள் பெற்ற குழந்தைகளின் உயரமும் கூடியிருந்ததை 2021இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஒரு வேளைச் சோறு அடுத்த தலைமுறை வரை போயிருக்கிறது.

கென்யா ஆய்வை நானும் மதிக்கிறேன். அது நேர்த்தியான ஆய்வு. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் இரண்டரை மடங்காகப் பெருகியது, விலையும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அது தொண்டு நிறுவனம் ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஆயிரம் டாலர் என்று மொத்தமாகக் கொடுத்த பணம். கூரை போட, ஆடு வாங்க, தொழில் தொடங்க ஏற்றது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் பேசுவதோ ஒவ்வொரு மாதமும் அடுப்பில் ஏற வேண்டிய உலையைப் பற்றி. வறட்சியாலோ போராலோ விலை துள்ளும் ஆண்டில் அந்த உலைக்கு என்ன உத்தரவாதம் என்பதற்குக் கென்யா ஆய்வில் பதில் இல்லை, அந்தக் கேள்வியை அது கேட்கவும் இல்லை.

மகளிர் உரிமைத்தொகையை எதிரணி தன் பக்கச் சாட்சியாகக் கூப்பிடும் என்று தெரியும். மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் பெயரில் வருவது பெரிய விஷயம், நான் வரவேற்கிறேன். அது அரிசியோடு சேர்ந்து வருகிறது, அரிசிக்குப் பதிலாக வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2023இல் அதற்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், முதலில் தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். பணம் என்றதும் அரசு சல்லடையைக் கையில் எடுக்கிறது. 1997இல் ஒன்றிய அரசு ஏழைகளுக்கு மட்டும் ரேஷன் என்று கோடு போட்டபோதும், அந்தக் கோட்டை ஏற்காமல் எல்லோருக்கும் கொடுத்த மாநிலம் இது.

நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்குப் பின் பேச வரும் சகோதரியிடம் ஒரு கேள்வியை உங்கள் வழியாக வைக்கிறேன். விலை ஏறினால் தொகையையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லக்கூடும். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200 ரூபாய்தான். மாநிலம் தன் காசைச் சேர்த்ததால்தான் நம் ஊர் முதியவர் கையில் 1,200 ரூபாய் சேர்கிறது. அந்த 200 ரூபாயை இத்தனை ஆண்டுகளாக யார் ஏற்றினார்கள்? அரிசிக்குப் பதிலாகத் தரப்போகும் பணத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஏற்றுவார்கள் என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? சகோதரியின் பதிலைக் கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.