தவுக்கே வரைந்த மீன்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தவர்கள், நான் ஒரு மதுக்கடையைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் என் தந்தையாரைப் பற்றியும் அவருடன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களைப் பற்றியும் உண்மையாகப் பேச வேண்டுமானால், கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தச் சீனர் கடையை விட்டுவிட்டுப் பேச எனக்கு வழியில்லை.

மதுவால் நம் மக்கள் பட்ட பாட்டை நான் மறைக்க வரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் அதே கோரிக்கையோடு கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து. சம்பள நாளில் என் தாயார் வாசலைப் பார்த்தபடி நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். அப்பாவை அழைத்துவர அவர் என்னைத்தான் அனுப்புவார். அந்தக் கடை எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

ஐந்தடி நடைபாதையை ஒட்டி நான்கு பளிங்குக்கல் மேசைகள், நாய்த்தலை முத்திரை ஒட்டிய ஸ்டவுட் போத்தல்கள், மூலையில் சிவப்பு விளக்கு எரியும் சாமி மேடை. கடையில் இருந்தவை இவ்வளவுதான். தொங்காங்கு என்னும் சரக்குப் படகுகளில் சரக்கு இறக்கியவர்கள், சட்டையில் மாவும் சர்க்கரையும் ஒட்டியிருக்க, ஐந்து மணிக்குமேல் ஒவ்வொருவராக வந்து அவரவர் நாற்காலியில் அமர்வார்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்பதால், சில நாள்களில் அந்த வேலை எனக்கும் வந்தது. இறந்தவர் வீட்டுக்குக் கொடுக்கும் பணமும் அந்த மேசைகளில்தான் சேர்ந்தது.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது, தவுக்கே என்று நாங்கள் அழைத்த கடை முதலாளியின் கடன் கணக்கை. நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த, உள்ளங்கையில் அடங்கும் 555 புத்தகம்தான் அது. தவுக்கே தமிழை நன்றாகப் பேசுவார், ஆனால் எழுதத் தெரியாது; எனவே வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். மீசைக்காரருக்கு மீசை, மழையில்லாத நாளிலும் குடையோடு வருபவருக்குக் குடை, மாலையில் தூண்டில் போடப் போகும் ஒருவருக்கு மீன். என் அப்பாவுக்குச் சிலேட்டுப் பலகை. கூடவே நான் நின்றதால் வந்த அடையாளம் அது. படத்துக்குக் கீழே நாள்தோறும் பென்சில் கோடுகள் விழும். இரண்டு நாள் கோடு விழாவிட்டால் அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “இந்த ஆள் எங்கே, காய்ச்சலா?” என்று கடை முழுவதற்கும் கேட்பார், யாராவது ஒருவர் எழுந்து பார்க்கப் போவார். மனைவி மக்களை இந்தியாவில் விட்டுவிட்டு மாடியறையில் தனியாகக் கிடந்த மனிதர்களுக்கு, தாம் வராததைக் கவனிக்கும் இடம் இந்தப் பினாங்கில் அது ஒன்றுதான் இருந்தது.

1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிபோனது. பிறகு கொள்கலன்கள் வந்து, சரக்கு வேலை அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போனது. அப்போதும் கடை நின்றது. வயதான பின்பும் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கடையை மூடவைத்தது வாடகை. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டிய வீடுகளுக்கு உச்சவரம்பு வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது இல்லாமல் போயிற்று. கீழே கடையும் மேலே அறைகளுமாக இருந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் சில மாதங்களுக்குள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது 2008இல். கட்டடங்களுக்குக் கிடைத்த அந்தக் காவல் அவற்றில் வாழ்ந்தவர்களுக்கு எட்டாண்டு முன்னதாகக் கிடைத்திருக்கக் கூடாதா என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடையின் கடைசி வாரத்தில், காலமாகிவிட்ட அப்பாவின் பாக்கியைக் கட்ட நான் போனேன். பதினெட்டு வெள்ளி. தவுக்கே சிலேட்டின்மீது நேராக ஒரு கோடு இழுத்தார். மீசை, குடை எல்லாவற்றின்மீதும் கோடு விழுந்திருந்தது. மீன்மீது மட்டும் இல்லை. “பணத்துக்காகக் கேட்கவில்லை, தம்பி” என்று சொல்லி அவர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த மனிதரின் மாடியறையைத் தேடிப் போனார். படிக்கட்டின் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. பக்கத்துக் கடையில் விசாரித்தோம். சுங்கை பட்டாணிப் பக்கம் என்றார் ஒருவர், முதியோர் இல்லம் என்றார் மற்றொருவர். தவுக்கே மீன் இருந்த தாளை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலைப் படகில் அக்கரைக்குப் போய்த் தேடப் போவதாக என்னிடம் சொன்னார்.