தோற்றவனும் ஓடியவனும்

வணக்கம் நண்பர்களே. சென்ற வீடியோவுக்கு வந்த கருத்துகளைப் படித்தேன். பாதிப் பேர் ஒரே புகாரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். "வரிசையாக வென்றுகொண்டே வந்தேன், திடீரென்று என்னைத் தோற்கடிப்பதற்கென்றே ஆள் அனுப்புகிறார்கள். வேண்டுமென்றே பாதி ஆட்டங்களில் தோற்க வைக்கிறார்கள்." செஸ் ஆடுபவரும் இதைச் சொல்கிறார், ஐவர் அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை வீடியோ ஆட்டமான வேலோரண்ட் ஆடுபவரும் இதைச் சொல்கிறார். ஒருவர் ஆதாரமாகத் தன் ஆட்ட வரலாற்றையே படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வெற்றி ஐம்பத்தொரு சதவீதம். ஐயா, அது சதி இல்லை. உங்கள் இடத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு இரண்டு விஷயம் பேசப் போகிறேன். நமக்கு எதிராளியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒன்று. ஆட்டத்தைப் பாதியில் விடுவது எப்போது சரி, எப்போது அயோக்கியத்தனம் என்பது இன்னொன்று. தனித்தனி விஷயங்களாகத் தெரியும். ஆனால் இரண்டாவது கெட்டால் முதலாவதும் கெட்டுவிடும். செஸ்ஸில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு அங்கேதான் வளர்ந்தது.

ஆர்பாட் எலோ என்பவர் ஹங்கேரியில் பிறந்தவர். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். அவர் வகுத்த முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இல் ஏற்றுக்கொண்டது, உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அதில் ஒவ்வொருவரின் திறனுக்கும் ஓர் எண் உண்டு, ஆனால் உங்கள் எண் தனியாக எதையும் சொல்லாது. உங்கள் எண்ணுக்கும் எதிராளியின் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் பேசும். இடைவெளி இல்லையென்றால் பாதிக்குப் பாதி. எதிராளி 100 புள்ளி கூடுதல் என்றால் அவருக்கு 64 சதவீத வெற்றி எதிர்பார்க்கலாம் (டிரா என்றால் அரை வெற்றி). 200 என்றால் 76. 400 என்றால் 91.

இப்போது 1500இல் இருக்கும் நீங்கள் 1700 ஆளிடம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்ச மாற்றம் 20 புள்ளி. தோற்றால் சுமார் 5 புள்ளிதான் குறையும், ஏனென்றால் நீங்கள் தோற்பீர்கள் என்பது எதிர்பார்த்ததுதான். வென்றால் 15 ஏறும். சமமான ஆளிடம் ஆடினால் ஏறுவதும் இறங்குவதும் பத்துப் பத்து. நீங்கள் தொடர்ந்து வென்றால் எண் ஏறும். எண் ஏறினால் வலுவான ஆள் வருவார். வலுவான ஆள் வந்தால் தோற்பீர்கள். இதில் எங்கே சதி இருக்கிறது? எதிராளி தேர்வு சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளமே நீங்கள் பாதி ஆட்டங்களில் தோற்பதுதான். எண்பது சதவீதம் வெல்லும் ஒருவர் என்னிடம் வந்து தன் பெருமையைச் சொன்னால், எதிரே இருந்த பாவப்பட்ட எண்பது பேரைத்தான் நான் நினைப்பேன்.

எலோ முறையில் ஒரு குறை உண்டு. உங்கள் எண் எவ்வளவு நம்பகமானது என்று அதற்குத் தெரியாது. நேற்று கணக்கு தொடங்கியவரின் 1500உம், பல வருடங்களாக ஆடுபவரின் 1500உம் அதற்கு ஒன்றே. அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் அதைத்தான் சரிசெய்தார். அவருடைய கிளிக்கோ முறையில் எண்ணோடு சேர்த்து, அந்த எண் எவ்வளவு பிசகலாம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கும். ஆடாமல் விட்டால் அந்தச் சந்தேகம் வளரும். அதனால்தான் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து ஆடும்போது ஒரே ஆட்டத்தில் எண் தாவுகிறது, விழுகிறது. லீசெஸ் என்ற இணைய செஸ் தளம் பயன்படுத்துவது இதன் இரண்டாம் வடிவத்தை. அங்கே புதியவர் 1500இல் தொடங்குவார், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தும் "1500 ஆளிடம் தோற்றுவிட்டேன்" என்று அழாதீர்கள். அவர் யாரென்று தளத்துக்கே இன்னும் தெரியாது.

அணி ஆட்டங்களில் சிக்கல் கூடுதல். ஐந்து பேர் சேர்ந்து வென்றால் யாரால் வென்றார்கள்? எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்போம். நன்றாக ஆடும் இருவர் ஒரே பக்கம் போக முடியாது. கண்ணால் பார்த்து எடுத்ததால் யார் எப்படி ஆடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் அந்தக் கண் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ட்ரூஸ்கில் என்ற முறை, அணிகளின் முடிவுகளை மட்டும் வைத்து ஒவ்வொருவரின் திறனையும் ஊகிக்கப் பார்த்தது. பல பேருடன் மாறி மாறி ஆடினால் ஊகம் தெளியும். எப்போதும் அதே நான்கு நண்பர்களோடு மட்டும் ஆடினால் உங்களைத் தனியாகப் பிரித்து எடை போடுவது கடினம். நண்பர்கள் தூங்கிய பிறகு தனியாக ஆடப் போய் அடி வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காத்திருக்கும் நேரமும் ஒரு காரணம். மிகச் சரியான எதிராளி வேண்டுமென்றால் நீங்கள் காத்திருக்க வேண்டும். நீங்களோ அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டீர்கள், நானும்தான். அதனால் நேரம் ஆக ஆகத் தேடும் எல்லையை விரிக்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பொருந்தாத ஆள் வந்தால் அதிகாலை மூன்று மணியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

சரி, கணக்கு இவ்வளவுதான். இதைக் கெடுப்பவர்களிடம் வருவோம்.

இந்த முறைகள் எல்லாமே ஒரு நம்பிக்கையில் நிற்கின்றன: ஆடுகிறவர் வெல்லத்தான் ஆடுகிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைப்பவர், வேண்டுமென்றே தோற்றுத் தன் எண்ணைக் கீழே இறக்கிக்கொள்பவர். நான்கு நகர்த்தல், ராஜினாமா, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்வது. அடுத்த ஆட்டம், மறுபடியும் ராஜினாமா. 1900 திறன் உள்ளவர் 1500இல் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எதற்கு? 1500க்குக் கீழே உள்ளவர்களுக்கான போட்டியில் கோப்பை வாங்க. அல்லது வீடியோ போட. அந்த வகை வீடியோக்களை நீங்கள் ரசித்துப் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இதன் கணக்கைப் பாருங்கள். அவர் நேர்மையாக 1900இல் இருந்திருந்தால், அவரிடம் தோற்கும் 1500 ஆளுக்கு இரண்டு புள்ளிகூட முழுதாகக் குறையாது. அவர் 1500 என்ற முகமூடியில் வந்ததால் பத்துப் புள்ளி போகிறது. அது ஒரு பக்கம். அவர் இறங்கி வரும் வழியில் சும்மா தோற்றாரே, அப்போது அவரை வென்றவர்களுக்கு உழைக்காத புள்ளிகள் ஏறின. அந்தப் புள்ளிகளின் பலன், அவர்கள் தங்களுக்கு மேலான ஆட்களிடம் அனுப்பப்பட்டு அடி வாங்குவது. ஒரே மனிதர் மேலும் கீழும் இருபுறமும் பொய்யைப் பரப்பிவிட்டுப் போகிறார். நாளடைவில் எண்கள் சரியாகிவிடும், உண்மைதான். அன்றைய மாலை யாருக்கும் திரும்பி வராது.

ராஜினாமா என்றதும் சிலர் கொதிப்பீர்கள். "கடைசி வரை போராட வேண்டும், விட்டுக்கொடுப்பவன் கோழை" என்று எழுதுவீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செஸ்ஸில் ராஜினாமா விதிக்குள் இருக்கும் ஒரு முடிவு. ராணியை இழந்தேன், பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எதிராளிக்கு வெல்லத் தெரியும் என்று எனக்குத் தெரியும், கை கொடுத்துவிட்டுப் போகிறேன். முடிவு உண்மையானது, எண் உண்மையானது, இருவர் நேரமும் மிச்சம். ஆனால் 1000க்குக் கீழே ஆடுபவர்கள் தயவுசெய்து ராஜினாமா செய்யாதீர்கள். உங்கள் எதிராளி ராணியை வைத்துக்கொண்டே உங்கள் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் செய்து ஆட்டத்தை டிரா ஆக்கிவிடுவார். அது நடக்கிறது, தினமும் நடக்கிறது. எதிராளியின் கடிகாரத்தில் சில நொடிகளே இருக்கும்போதும் ராஜினாமா வேண்டாம். நேரமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஆள் மீது. அவர் ராஜினாமாவும் செய்ய மாட்டார், ஆடவும் மாட்டார். பத்து நிமிட ஆட்டத்தில் ராணி போனதும் கடிகாரத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஏழெட்டு நிமிடம் நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், நான் எழுந்து போவேனா என்பதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை. லீசெஸ் இப்படிச் செய்பவர்களுக்கும், ஆட்டத்தைத் தொடங்கித் தொடங்கி ரத்து செய்பவர்களுக்கும் தற்காலிகத் தடை போடுகிறது. சரியான காரியம். நேர்மையாகத் தோற்பதற்குச் செலவு குறைவாகவும், காணாமல் போவதற்குச் செலவு அதிகமாகவும் இருக்க வேண்டும். எந்தத் தளமாக இருந்தாலும் நான் கேட்பது அது ஒன்றுதான்.

அணி ஆட்டத்தில் ராஜினாமா உங்களுடையது மட்டும் இல்லை. இன்னும் நால்வர் மாலையை ஒதுக்கி வந்திருக்கிறார்கள். வேலோரண்டின் ரேங்க் ஆட்டத்தில் சரணடைய ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் இருபது நிமிடத்துக்குப் பிறகு ஐவரில் நால்வர் போதும் என்பது பல காலமாக இருந்த வழக்கம். டோட்டா 2இல் முன்பின் அறியாத ஐவர் சேர்ந்த அணிக்குச் சரணடையும் பொத்தானே கிடையாது, கோட்டை விழும்வரை ஆட வேண்டும். நடுவில் ஓடினால் தண்டனையாகத் தாழ்ந்த காத்திருப்பு வரிசையில் போடுவார்கள், அங்கே ஆட்டங்களை வென்றுதான் வெளியே வர முடியும். எது நியாயம்? ஒருவர் தடுத்தால் நால்வர் சிறைப்பட்டது போல் உட்கார்ந்திருக்க வேண்டும். நால்வர் போதும் என்றால், இன்னும் வெல்ல முடியும் என்று நினைக்கும் ஒருவரின் ஆட்டம் பறிபோகிறது.

நான் டோட்டா பக்கம் சாய்கிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு. வாக்கெடுப்பு இருக்கும் இடத்தில், தோற்றுப்போன வாக்கெடுப்புக்குப் பிறகு நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சரணடைவோம் என்று கேட்டவர் அதன்பிறகு ஆடுவதில்லை. நிற்பார், நடப்பார், சாவார். அவரை ஓடிப்போனவர் என்று எந்தக் கணினியும் பிடிக்காது. பொத்தானே இல்லாத இடத்தில் அந்த ஏமாற்றமாவது குறைவு. வயிறு எரிவது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

தனி ஆட்டத்தில்கூட ராஜினாமா சில வேளை மற்றவர்களைத் தொடும். 2022 செப்டம்பர் 19, இணையத்தில் நடந்த ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கோப்பை. அமெரிக்க வீரர் ஹான்ஸ் நீமனுக்கு எதிராக அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் ஒரே ஒரு நகர்த்தல் செய்தார், ராஜினாமா செய்தார், கேமராவை அணைத்தார். நீமன் ஏமாற்றுகிறார் என்ற அவருடைய சந்தேகங்கள் பற்றியும், பின்னால் நீமன் போட்ட வழக்கு பற்றியும், 2023இல் அது சமரசமானது பற்றியும் நிறையப் பேசிவிட்டார்கள். யாரும் அதிகம் பேசாதது மற்ற வீரர்களைப் பற்றி. பதினாறு பேர் ஒருவரோடொருவர் ஆடி, எட்டுப் பேர் அடுத்த கட்டத்துக்குப் போகும் போட்டி அது. வெற்றிக்கு மூன்று புள்ளி. நீமன் அந்த மூன்றையும் ஆடாமலே பெற்றார். அதே எட்டு இடங்களுக்காகப் போராடிய மற்றவர்கள் உலக சாம்பியனோடு ஆடித்தான் புள்ளி தேட வேண்டியிருந்தது. எதிர்ப்பைக் காட்டுவதென்றால் போட்டியிலிருந்தே விலகியிருக்கலாம். ஒரு ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அவர் தொடர்ந்து ஆடினார், அர்ஜுன் எரிகைசியை இறுதியில் வென்று கோப்பையும் வாங்கினார். நான் கார்ல்சன் ரசிகன், ஆனாலும் இது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக, நம் வீட்டுக் கதை. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். நாடுகளின் அணிகள் மோதிய 2020 இணைய செஸ் ஒலிம்பியாட். ஆனந்த், ஹம்பி, ஹரிகா, பிரக்ஞானந்தா எல்லோரும் இருந்த இந்திய அணி. ஆகஸ்ட் 30, ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. முதல் சுற்று சமன். இரண்டாம் சுற்றில் நம் அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரம் முடிந்தது. அன்று ஏராளமான இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவை உலக அளவில் கோளாறில் இருந்தது. முறையிட்டோம். ஃபிடே தலைவர் துவார்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்றார். நாம் கொண்டாடினோம், நானும் கொண்டாடினேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் காலிறுதியில் நடந்ததை நினைவிருக்கிறதா? எதிரணி ஆர்மேனியா. நிஹாலோடு ஆடிய ஹைக் மார்த்திரோஸ்யனுக்கு இணைப்பு அறுந்தது, நேரத்தில் தோற்றார். ஆர்மேனியா முறையிட்டது. தங்கள் பக்கம் இணையம் சரியாகவே இருந்தது என்றார்கள். முறையீடு தள்ளுபடி. அவர்கள் இரண்டாம் சுற்றை ஆட மறுத்து வெளியேறினார்கள். நாம் அரையிறுதிக்குப் போனோம்.

இரண்டையும் வேறுபடுத்த ஒரு காரணம் இருக்கிறது: கிளவுட்ஃபிளேர் கோளாறு ஊரறிந்தது, வெளியிலிருந்து சரிபார்க்க முடிந்தது. ஆர்மேனியாவுக்கு அப்படிக் காட்ட எதுவும் கையில் இல்லை. விதிப்படி பார்த்தால் தீர்ப்பு பொருந்துகிறது. ஆனால் கோளாறு யார் பக்கம் என்று உறுதியாகத் தெரியாத நிலையில், அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் மறுபடி ஆடச் சொல்லியிருக்கலாமே? சில நிமிட வேலை. இணையப் போட்டி நடத்துபவர்கள் இதற்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்களில் இணையத்தில் மாவட்ட அளவில், பள்ளி அளவில் போட்டி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். நடு ஆட்டத்தில் மின்சாரம் போனால், இணைப்பு போனால் உங்கள் விதி என்ன? மறு ஆட்டமா, தோல்வியா, அந்த நிலையில் யாருக்கு மேல்கை என்று பார்த்து முடிவு செய்வதா? விதியை அப்படியே கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றைப் படித்து, ஓட்டை இருக்கும் இடங்களைக் காட்டுகிறேன். வருகிறேன், வணக்கம்.