ஆத்தங்குடிக் கல்லை எத்தனை விதமாக எழுதலாம்? தகவல் கட்டுரை வகைகள் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஆத்தங்குடிக் கல் என்பது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் சிமென்டைக் கொண்டு கையால் செய்யும், வீட்டுத் தரையில் பதிக்கும் பூவேலைக் கல். அதைப் பற்றித் தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "ஐயா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றித் தகவல் கட்டுரை எழுதினாள். கல் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லி, பாட்டி வீட்டுத் தரையை வருணித்து, எல்லோரும் இந்தக் கல்லையே வாங்க வேண்டும் என்று முடித்திருந்தாள். எந்த வகை என்று முடிவு செய்துகொண்டு எழுது என்று சொல்லி ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வருணனை, செய்முறை, விளக்கம், அறிக்கை எல்லாமே தகவல்தானே? வகை பிரிப்பதால் என்ன பயன்?"

அம்மா, எல்லாமே தகவல்தான். ஆனால் தகவலைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவதில்லை. ஆத்தங்குடிக் கல்லை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் அது எப்படி இருக்கும் என்று கேட்பார். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வந்தவர் எப்படிச் செய்வது என்று கேட்பார். புது வீடு கட்டுகிறவர் இதைப் பதிக்கலாமா, கடையில் விற்கும் டைல்ஸைப் பதிக்கலாமா என்று கேட்பார். சூளையில் சுடாத கல்லுக்கு இவ்வளவு பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவரும் உண்டு. இந்தக் கேள்விகள் வருணனை, செய்முறை, ஒப்பீடு, காரண விளக்கம் என்னும் நான்கு வகைகளைப் பிறப்பிக்கின்றன. பொருள் ஒன்றாகவே இருந்தாலும், வாசகரின் கேள்வி மாறும்போது எதை முதலில் சொல்வது, எதை விரிப்பது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் மாறிவிடுகின்றன. வகை பிரிப்பதன் பயன் அதுதான்.

செய்முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் எளிது என்று எல்லோரும் நினைத்து அதிகம் தவறுவது இந்த வகையில்தான். ஆத்தங்குடியில் கல் செய்கிறவர் கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் பூ வேலைப்பாடு கொண்ட உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் உரிய வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார். பிறகு அச்சை மெல்லத் தூக்கி எடுத்துவிட்டு, உலர்ந்த சிமென்ட் மணல் தூளைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை இட்டு அழுத்திச் சமன் செய்கிறார். பின்னர் கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெளியே காய்கிறது. இந்த வரிசையில் ஒன்று முன்பின்னாக மாறினாலும் கல் கெட்டுப்போகும். பூவேலை உள்ள முகம் கண்ணாடியைத் தொட்டபடி கீழ்நோக்கி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், படிக்கிறவருக்கு வண்ணத்தின்மேல் கலவையை ஏன் கொட்டுகிறார்கள் என்றே புரியாது. செய்து பழகியவர் கண்ணுக்குத் தெரியாத படிதான் புதியவரின் கால் தடுக்கும் படி.

நம் வீட்டுச் சமையலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டால், ஆச்சிமார் ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைக்கச் சொல்வார்கள். அது சரியான அளவுதான், அந்த உழக்கையும் அந்தக் கையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு. அதையே எழுத்தில் கொண்டுவரும்போது, அரிசியையும் உளுந்தையும் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, மாவை எந்தப் பதத்துக்கு அரைப்பது, கரண்டியால் ஊற்றிய மாவு எண்ணெயில் எப்படி எழும்பி வர வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். நன்னூல் என்னும் இலக்கண நூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலையே, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதையே, முதலில் வைக்கிறது. செய்முறைக் கட்டுரையில் அந்தக் குற்றம் நேர்ந்தால் பணியாரம் எண்ணெயிலேயே பிரிந்துபோகும்.

வருணனைக்கு இப்படிக் கால வரிசை தேவையில்லை, இட வரிசை போதும். செட்டிநாட்டு வீட்டை எழுதுகிறவர் முகப்பில் நுழைந்து, வளவு என்னும் நடு முற்றத்தைக் கடந்து, அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டுக்குப் போய், அடுப்படியில் முடித்தால், வாசகரும் கூடவே நடந்து வருவார்.

ஒப்பீட்டில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல்லின் அழகையும் டைல்ஸின் விலையையும் எதிரெதிரே நிறுத்தினால் அது ஒப்பீடாகாது. அழகு என்றால் இரண்டின் அழகும், பராமரிப்பு என்றால் இரண்டின் பராமரிப்பும் வர வேண்டும்.

காரண விளக்கம்தான் பெரியவர்களையும் சோதிக்கும் வகை. நம் ஊர்களில் பெரிய வீடுகள் பல ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று ஒரு மாணவர் எழுதப் புகுந்தால், பர்மாவில் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் நடத்திய வட்டித் தொழில், 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த நெல் வயல்கள், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அவர்கள் தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது, பர்மா விடுதலை பெற்றபின் வந்த நில நாட்டுடைமைச் சட்டம், ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை இருப்பது, பிள்ளைகள் வெளியூர்களில் வேலை பார்ப்பது என்று பல செய்திகள் கிடைக்கும். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கினால் வரலாற்றுக் குறிப்பாகுமே தவிர விளக்கமாகாது. வருமானம் நின்றதற்கு எது காரணம், வருமானம் நின்ற பிறகும் வீட்டை விற்கவோ பிரிக்கவோ முடியாமல் போனதற்கு எது காரணம் என்று ஒவ்வொரு செய்தியையும் அதன் விளைவோடு இணைத்துக் காட்ட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் 'ஆகையால்' என்ற சொல்லைப் போடுவதற்கு முன்பு, அந்தச் சொல்லுக்குத் தன்னிடம் ஆதாரம் இருக்கிறதா என்று மாணவர் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. பள்ளிகளில் மிகக் குறைவாகப் பழக்கப்படுத்தும் வகையும் இதுதான் என்பது என் வருத்தம்.

அறிக்கையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்ன, எங்கே, எப்போது, யார் முன்னிலையில், என்ன முடிவு என்பவை வந்துவிட்டால் போதும்.

இனி, உங்கள் மகளின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். எல்லோரும் இந்தக் கல்லையே வாங்க வேண்டும் என்று எழுதிய இடத்தில் அவள் தகவல் எழுத்தின் எல்லையைத் தாண்டி, வலியுறுத்தும் எழுத்துக்குள் போய்விட்டாள். அதுவும் மதிப்புள்ள எழுத்துத்தான், ஆனால் அதன் வேலை வேறு. காரைக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அழகப்பச் செட்டியாரை வள்ளல் என்று நாம் எல்லோரும் அன்போடு சொல்கிறோம். அந்தச் சொல் நம் தீர்ப்பு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் அமைவதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது என்பவை தகவல்கள். தகவல் கட்டுரை எழுதுகிறவர் இவற்றைச் செம்மையாக எடுத்து வைத்தால், வள்ளல் என்ற சொல் வாசகர் மனத்தில் தானாகவே எழும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் அப்படித்தான். "உலகிலேயே அழகான தரை" என்று எழுதுவதைக் காட்டிலும், பாட்டி வீட்டுத் தரை எத்தனை ஆண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு மெருகேறியிருக்கிறது, அதை எதைக் கொண்டு துடைக்கிறார்கள் என்று எழுதினால் படிக்கிறவரே அந்தக் கல்லை விரும்பத் தொடங்கிவிடுவார்.

அப்படியானால் ஒரு கட்டுரையில் இரண்டு வகைகள் கலக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கலக்கலாம். செய்முறைக்கு நடுவே, கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் இறங்குகிறது என்று ஒரு வரி காரணம் சொன்னால் செய்முறை தெளிவடையும். ஆனால் ஒரு வகைதான் கட்டுரையை நடத்திச் செல்ல வேண்டும், மற்றவை அதற்குத் துணை நிற்க வேண்டும். துணைக்கு வந்தது தலைமை ஏற்றுவிட்டால், நன்னூல் சொல்லும் மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, என்ற குற்றமாகிவிடும்.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். தாளின் தலைப்பக்கத்தில் பென்சிலால், தன் கட்டுரை பதில் சொல்லப்போகும் கேள்வியை ஒரே ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளட்டும். அவள் எழுதியதில் பாதி செய்முறை என்று தெரிவதால், "ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது?" என்பதையே வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு பத்தியையும் அந்தக் கேள்விக்கு முன் நிறுத்திப் பார்க்கட்டும். பாட்டி வீட்டுத் தரையின் வருணனையில் இரண்டு மூன்று வரிகள் தொடக்கத்தில் வந்தால் போதும். வாங்கச் சொல்லும் பத்தியை அழித்துவிட வேண்டாம்; தனித்தாளில் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளட்டும், அது அடுத்த பேச்சுப் போட்டிக்கு உதவும். ஆத்தங்குடி உங்களுக்குத் தொலைவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பட்டறையில் அச்சு வைப்பதிலிருந்து தொட்டியில் இறக்குவது வரை நேரில் பார்க்கச் செய்துவிட்டு, பிறகு திருத்தி எழுதச் சொல்லுங்கள்.