மதிலுக்குள் எரியும் மலை

நேயர்களுக்கு வணக்கம். இன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் எரிமலையைப் பற்றி.

அஜந்தா குகைகளைக் குடைந்தார்களே, அந்தக் கரிய பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவி உறைந்த எரிமலைக் குழம்பு. அதைக் கக்கிய ஊற்று இன்னும் வற்றவில்லை என்பது நிலவியலாளர் பலரின் கருத்து. பூமியின் ஆழத்தில் அந்த வெப்ப ஊற்று ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க, இந்திய நிலத்தட்டு அதன் மேலாக வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. போகும் வழியில் மாலத்தீவுகளின் அடித்தளம், சாகோஸ், பிறகு மொரீஷியஸ் என்று தீவுகள் வரிசையாக உண்டாயின. இப்போது அந்த ஊற்றுக்கு மேல் இருப்பது ரீயூனியன் தீவு. பிரான்சின் ஆளுகையில் உள்ள தீவு. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். கோயில் கட்டித் தீமிதித் திருவிழாவும் நடத்துகிறார்கள்.

தீவின் தென்கிழக்கில் இருக்கிறது பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை. உயரம் 2632 மீட்டர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது. சில ஆண்டுகளில் இரண்டு மூன்று முறைகூட. இவ்வளவுக்கும் தீவு மக்கள் அதைக் கண்டு பெரிதாக மிரளுவதில்லை. மலை பொங்குகிறது என்று தெரிந்தால் குடும்பத்தோடு காரில் ஏறிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இதற்கு இரண்டு காரணம். இங்கே வருவது ஆறினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் குழம்பு. குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா இதில் குறைவு, அதனால் நீர்த்து ஓடும். உள்ளே இருக்கும் வாயு அடைபடாமல் வெளியேறிவிடும், பெரும்பாலும் பயங்கர வெடிப்பு நேராது. இரண்டாவது காரணம் மலையின் அமைப்பு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உச்சிப் பகுதி இடிந்து விழுந்து, சுமார் 8 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பெரும் பள்ளம் உண்டானது. ஆங்க்ளோ ஃபூக்கே என்று அதற்குப் பெயர். மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், கிழக்குப் பக்கம் மட்டும் கடலை நோக்கித் திறப்பு. எரிமலை பெரும்பாலும் இந்த மதிலுக்குள்ளேதான் பிளக்கிறது. குழம்பு ஆளில்லாத சரிவில் இறங்கிக் கடலில் விழும்.

மதிலின் விளிம்பில் உள்ள பெல்கோம்ப் கணவாயில் நின்றால் இந்தப் பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கீழே செந்நிறத்தில் ஒரு குட்டிக் கூம்பு. ஃபார்மிக்கா லியோ என்று பெயர், 1753இல் உண்டானது. அதைத் தாண்டினால் உறைந்த குழம்பின் மேல்தான் நடை. சில இடங்களில் சூடான பால் ஆறும்போது ஏடு சுருங்குமே, அதேபோல் மேல்தோல் மடிப்பு மடிப்பாக, வழவழப்பாக இருக்கும். இதைப் பாஹோயிஹோயி என்பார்கள். நாலடி தள்ளிப் போனால் ஆ-ஆ என்ற வகை. கூரான துண்டுகளின் குவியல், விழுந்தால் உள்ளங்கை கிழியும். இரண்டும் ஒரே குழம்புதான். ஆறிக் கெட்டிப்பட்டு, சரிவில் வேகமாக ஓடிச் சிதைந்தால் ஆ-ஆ ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை குழாய்க் குகைகள். குழம்பாற்றின் மேற்பரப்பு முதலில் உறைந்து கூரையாகிறது. அந்தக் கூரை சூட்டைக் காப்பதால் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை. மேலிருந்து குழம்பு வருவது நின்றதும் மிச்சம் வடிந்துபோய், ஆள் நடக்கும் சுரங்கம் மிஞ்சுகிறது. 2004இல் பாய்ந்த குழம்பில் உண்டான குகைகளுக்குள் இப்போது தலைக்கவசம் போட்டு, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள். கூரை உருகிச் சொட்டிய துளிகள் அப்படியே கல்லாகித் தொங்குகின்றன.

சரி, மதிலுக்கு வெளியே பிளந்தால்? 1977 ஏப்ரலில் அதுதான் நடந்தது. பித்தோன் சேன்ட்-ரோஸ் ஊருக்குள் குழம்பு வந்தது. மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை, வீடுகள் போயின. தேவாலயத்தைக் குழம்பு சூழ்ந்து, வாசல்வரை வந்து நின்றுவிட்டது. பக்தர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். அந்த நிகழ்வுக்குப் பின்தான் 1979இல் கண்காணிப்பு நிலையம் வந்தது. 1986இல் மறுபடி மதிலைத் தாண்டியது, தெற்கே சேன்-ஃபிலிப் பக்கம்.

ஆனால் 2007 தனிக் கதை. ஏப்ரல் 2ஆம் தேதி, மதிலுக்குள்தான் என்றாலும் கடலிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலேயே மலை பிளந்தது. இவ்வளவு கீழே திறந்ததால் மேலே மலைக்கு அடியிலிருந்த குழம்பெல்லாம் வடிந்துவிட்டது. அடியில் தாங்க எதுவும் இல்லாமல், உச்சியில் டோலோமியூ என்ற எரிமலை வாயின் தரை சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே போனது. கரையோரத் தேசிய நெடுஞ்சாலை புதைந்தது. கடலில் விழுந்த குழம்பிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ஆவி கிளம்பியது. த்ரெம்ப்லே அருகே புதிய கடற்கரை ஒன்று பிறந்தது. அதன் மணலில் பச்சை மினுமினுப்பு. ஒலிவின் என்ற கனிமம். சாலையை மறுபடி போட்ட பிறகும் அடியில் சூடு ஆறவில்லை. மழை பெய்தால் ஓரங்களில் ஆவி எழுந்தது.

அந்தச் சாலையில் போனால் ஒவ்வொரு குழம்போட்டத்துக்கும் ஆண்டு எழுதிய பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்க்காமலே ஓரளவு வயது சொல்லலாம். புதியது கன்னங்கரேல். கொஞ்ச காலம் ஆனதில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பாறைப்பாசி, அப்புறம் பெரணி. இன்னும் பழையதில் மரம். ஈரம் அதிகமான கிழக்குப் பக்கம் என்பதால் இது வேகமாகவே நடக்கிறது.

யாராவது அங்கே போவதாக இருந்தால் ஒன்று. நில அதிர்வு கூடி, மலை உப்புவது கருவியில் தெரிந்ததும் பெல்கோம்பிலிருந்து கீழே இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். முதல் அதிர்வுக்கும் குழம்பு வெளிவருவதற்கும் நடுவில் சில சமயம் ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. வேலியைத் தாண்டாதீர்கள், மேலிருந்தே நன்றாகத் தெரியும். நன்றி, வணக்கம்.